விழுந்த பிறகு எழுந்தவர்: ஜி.டி. நாயுடு



போன காலாண்டில் ஒரு நாள் மாலை மின்சாரம் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தது நினைவிருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் கீழே கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பேச்சு விலைவாசி, கல்யாணச் செலவு, பிள்ளைகளின் வேலை என்று சுற்றிவிட்டு ஒரு கேள்வியில் வந்து நின்றது. ஏழையாகப் பிறந்த ஒருவர் நேர்மையாக உழைத்துப் பணக்காரர் ஆக முடியுமா, முடியாதா?

முடியும் என்று ஒரு கட்சி. முடியாது என்று ஒரு கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியும் ஒரே மனிதரைத்தான் சாட்சிக்கு அழைத்தது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. ஓட்டலில் மேஜை துடைத்தவர் பேருந்துக் கம்பெனி முதலாளி ஆனாரே என்றது ஒரு கட்சி. கோடியில் ஒருவரைக் காட்டிப் பயன் என்ன, மற்றவர்கள் எங்கே என்றது இன்னொரு கட்சி. அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. எல்லோரும் டி.வி. தொடருக்குப் போய்விட்டோம்.

எனக்கு மனம் ஆறவில்லை. வங்கியில் குமாஸ்தாவாக முப்பது வருடத்துக்கு மேல் கடன் லெட்ஜர் எழுதியவன் நான். யார் மேலே வந்தார்கள், யார் வந்த வேகத்தில் கீழே போனார்கள் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தவன். அதனால் நாயுடுவின் வாழ்க்கையை ஒரு கடன் மனுவைப் படிப்பது போல மறுபடி படித்துப் பார்த்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரரை விட்டுவிட்டு ஏன் கோயம்புத்தூர்க்காரர் என்று சிலர் கேட்கலாம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய கதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். அவருக்குக் கடைசியில் வருகிறேன். அன்றைக்கு வாதம் நின்றது நாயுடுவில். எனவே அவரிடமிருந்தே ஆரம்பிப்போம்.

களங்கல் கிராமத்துப் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி கோயம்புத்தூருக்கு அருகே உள்ள களங்கல் கிராமத்தில் பிறந்தார். தந்தை விவசாயி. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. தந்தை அவரைத் தோட்ட வேலைக்கு அனுப்பினார். பிறகு தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் அந்தப் பக்கம் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்த கிராமத்துப் பையன். நம்மில் பலர் அதிசயப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவர் அந்த வண்டி தனக்கு வேண்டும் என்று முடிவு செய்தார்.

கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் காசைக் காசாகச் சேர்த்தார். ஏறத்தாழ 400 ரூபாய் சேர்ந்ததும், 300 ரூபாய் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர் சுற்றிப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. திருகு திருகாகக் கழற்றிப் போட்டார், மறுபடி பூட்டினார். எந்த உறுப்பு எதற்கு என்று கையாலேயே படித்தார். அதன் பிறகு வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக் ஆனார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். முடியும் கட்சிக்காரர்கள் வழக்கமாக இந்த இடத்தில்தான் கதையை முடித்து, சேமிப்பும் உழைப்பும் இருந்தால் எவரும் முன்னேறலாம் என்று முத்திரை குத்துகிறார்கள். ஆனால் அந்தச் சேமிப்பால் அவர் பணக்காரர் ஆகவில்லை. சில வருட உழைப்பு ஒரு பழைய வண்டியாக மாறியது, அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்த உண்மையான லாபம் கைத்தொழில். அதே வேகத்தில் சர்வர் சம்பளத்தை மிச்சம் பிடித்து ஒரு பேருந்து வாங்க நினைத்திருந்தால் அவருக்குத் தலை நரைத்திருக்கும்.

பம்பாயில் விழுந்தார்

கதையில் அடுத்து வருவது பலர் சொல்லாமல் தாண்டிவிடும் பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவதே இதுதான்.

முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பருத்தி அரைவை, வியாபாரம் என்று நன்றாகச் சம்பாதித்தார். நம் ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பருத்தி வியாபாரத்தின் ருசியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விலை ஏறும்போது உலகமே கைக்குள் வந்தது போல இருக்கும். கையில் பணம் சேர்ந்ததும் அவர் பம்பாய்ச் சந்தைக்குப் போனார். அங்கே பெரிய பருத்தி வியாபாரிகளோடு ஈடு கொடுக்கப் பார்த்தார். சேர்த்த பணமெல்லாம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

இந்த இடத்தில் அவர் வாழ்க்கை முடிந்திருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு முடிந்துவிடும். அவருக்கு முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நான் பார்த்த வரையில் மூன்று காரணங்கள்.

முதலாவது, கைத்தொழில். பம்பாய்ச் சந்தை அவருடைய பணத்தை வாங்கிக்கொண்டது. இயந்திர அறிவை வாங்கிக்கொள்ள முடியவில்லை. எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு வண்டியைச் சரிசெய்து அன்றைய சோற்றுக்குச் சம்பாதிக்க அவரால் முடியும்.

இரண்டாவது, திரும்பிப் போக ஒரு வீடு. அவர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை அல்ல. ஆனால் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. விழுந்தால் படுக்க ஒரு திண்ணை, ஒரு வேளைக் கஞ்சி, வா என்று சொல்ல உறவு. இதையெல்லாம் நாம் சொத்தாகக் கணக்கில் எழுதுவதில்லை. வங்கியிலும் எழுத மாட்டோம். ஆனால் இது இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காலத்தில் அதே ஊரில் ஒரு சேரியில் பிறந்த பையன், அதே புத்தி, அதே ஆசையோடு கோயம்புத்தூருக்கு வந்திருந்தால், அந்த ஓட்டலுக்குள் அவனைச் சர்வராக விட்டிருக்க மாட்டார்கள். அவனுக்கு அந்த 400 ரூபாயே சேர்ந்திருக்காது.

மூன்றாவது, நம்பிக் கைகொடுத்த ஒரு மனிதர். அவர் பெயர் ராபர்ட் ஸ்டேன்ஸ்.

ஸ்டேன்ஸ் கொடுத்த கை

ஸ்டேன்ஸ் இளம் வயதிலேயே இங்கிலாந்திலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து வேரூன்றியவர். அங்கே இன்றும் நடக்கும் ஸ்டேன்ஸ் பள்ளி 1862இல் அவர் தொடங்கியது. கோயம்புத்தூரின் முதல் நூற்பாலையும் அவர் முயற்சியில் வந்ததுதான். காப்பி, பஞ்சாலை, மோட்டார் என்று பல தொழில்கள் அவர் கையில் இருந்தன.

அப்படிப்பட்டவரின் உதவியோடுதான் 1920இல், பம்பாயில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்த நாயுடு ஒரு பேருந்துக்குச் சொந்தக்காரர் ஆனார். அப்போது அவருக்கு வயது 27. எனக்கு வழக்கமான அந்த மனுப் படிவத்தில் இவரை நிரப்பிப் பார்க்கிறேன். கல்வி: ஆரம்பப் பள்ளி. முன் அனுபவம்: ஓட்டல் சர்வர், மெக்கானிக், பருத்தி வியாபாரம். முந்தைய தொழிலின் நிலை: முழு நஷ்டம். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு மனு வந்திருந்தால், அது மேலாளர் மேஜைக்கே போயிருக்காது. ஸ்டேன்ஸ் படிவத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆளைப் பார்த்தார்.

நாயுடு அந்தப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே விட்டார். ஓட்டுநரும் அவரே. வழித்தடத்தை அவர் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள். பொள்ளாச்சி சந்தை ஊர். பழநி கோயில் ஊர். ஒரு பக்கம் வியாபாரிகள், மறுபக்கம் பக்தர்கள். நம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே எந்த நேரத்திலும் பேருந்தில் இடம் கிடைக்காததற்கும் இதே காரணம்தானே! இங்கே பஞ்சும் மில்லும்; அங்கே ஆண்டாள் கோயிலும் ஆடிப்பூரத் தேரும். சந்தையையும் சாமியையும் இணைக்கும் சாலையில் வண்டி காலியாகப் போகாது.

காலமும் கூட நின்றது. மோட்டார் வாகனம் அப்போதுதான் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்துகொண்டிருந்தது. பேருந்து விட ஆள் குறைவு. ஏறுவதற்கு ஆள் ஏராளம். இருபது வருடம் முன்னால் பிறந்திருந்தால் அவருக்கு மோட்டார் கிடைத்திருக்காது. இருபது வருடம் பின்னால் பிறந்திருந்தால் அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு பேருந்து பல பேருந்துகள் ஆயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்ற பெயர் கொங்கு நாட்டில் ஒரு மரியாதையான பெயர் ஆனது. 1933 வாக்கில் ஏறத்தாழ 280 பேருந்துகள். நேரம் தவறாத வண்டி என்று மக்கள் நம்பினார்கள். பயணச் சீட்டு கொடுக்கும் இயந்திரத்தையும், இயந்திர உறுப்புகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவியையும் அவரே உருவாக்கினார். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய அதே கைதான்.

பேருந்தோடு நிற்காதவர்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து மின்சாரம் இறங்கிவர, கோயம்புத்தூர்ப் பக்கம் மில்கள் பெருகின. கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. அந்த மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் நாயுடு உருவாக்கிய தொழிற்சாலையிலிருந்து இந்தியாவிலேயே செய்த மின் மோட்டார் வெளிவந்தது. இன்று நம் குடியிருப்பின் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் கோயம்புத்தூர் என்று பொறித்திருந்தால், அதன் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது.

சவரக் கருவி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று அவர் செய்தவை பல. 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். 1952இல் இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அரசு உரிமம் தராததால் அது தொடரவில்லை. வரி விஷயத்தில் அவருக்கும் அரசுக்கும் ஒத்துப்போகவே இல்லை. தன் கண்டுபிடிப்புகளைத் தானே பொது இடத்தில் உடைத்து எதிர்ப்புக் காட்டும் அளவுக்கு அந்த மனக்கசப்பு போனது. மாகாணத் தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு. எல்லாவற்றிலும் ஜெயித்தவர் என்று அவரை எழுதினால் அது பொய்க் கணக்கு.

1944இல் பேருந்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். தொழிலாளர் நலனுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பணம் ஒதுக்கினார். 1945இல், அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வருவதற்கு முக்கிய காரணமாக இருந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு தேவையில்லை, இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கருத்து. அரசு ஒப்புக்கொள்ளவில்லை, அவர் பொறுப்பை விட்டு விலகினார்.

ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் பொறியியல் கல்லூரிக்கு வழி செய்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தன்னை இரண்டாவது முறை எழுப்பியது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கைத்தொழில் தெரிந்தவனுக்கு விழுந்தாலும் சோறு உண்டு. அதை மற்றவர்களுக்கும் சீக்கிரமாக, குறைந்த செலவில் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவரிடம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி அவர் காலமானார்.

நான் பார்த்த இன்னொருவர்

இப்போது நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், வங்கியின் பெயரும் வேண்டாம்.

நம் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே கூலிக்குத் தறி ஓட்டிய ஒருவர், 1990ஐ ஒட்டி, எங்கள் கிளையில் கடன் வாங்கிப் பழைய விசைத்தறி ஒன்றைச் சொந்தமாகப் போட்டார். தவணையை மாதம் தவறாமல் கட்டினார். கட்டிவிட்டு, கவுன்டரில் என்னிடம் பாஸ்புத்தகத்தை நீட்டி, மீதி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். மீதி குறையக் குறைய அவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து அவருக்குக் கை முறிந்தது. தறி ஒன்றரை மாதம் நின்றது. வைத்தியச் செலவு, வீட்டுச் செலவு, அதோடு நூல் விலையும் ஏறியது. மூன்று தவணை நின்றுபோனது. இன்னும் கொஞ்சம் கடன் கிடைத்தால் நூல் வாங்கித் தறியை ஓட்டிவிடுவேன் என்று வந்து கேட்டார். தவணை நின்ற கணக்குக்கு மேற்கொண்டு கடன் கிடையாது என்பது விதி. நிலுவைப் பட்டியலில் அவர் பெயரை எழுதியது நான்தான். நான் செய்தது தப்பு என்று எந்தத் தணிக்கையாளரும் சொல்ல மாட்டார். ஆனால் அவருடைய பழைய கட்டுமானத்தைக் காட்டி, தவணையை மாற்றி அமைக்கலாமா என்று மேலாளரிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் கவுன்டரில் கூட்டம். சொல்லவில்லை.

அவர் வட்டிக்காரரிடம் போனார். பிறகு தறியை விற்றார். வங்கிக் கடனைக் கட்டி முடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசித் தவணையைக் கட்ட வந்தபோது மீதி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அதன் பிறகு மறுபடி கூலித் தறிக்கே போய்விட்டார்.

நாயுடுவும் இவரும் செய்தது ஏறத்தாழ ஒன்றுதான். இருவரும் உழைத்தார்கள். இருவருக்கும் தொழில் தெரியும். இருவரும் ஒரு முறை விழுந்தார்கள். நாயுடு விழுந்தது தன் பேராசையால். இவர் விழுந்தது கை முறிந்ததால். ஒருவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது

ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டது. வருமானத்தில் அடித்தட்டில் இருக்கும் ஒரு குடும்பம், நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும் என்பது அந்தக் கணக்கு. டென்மார்க்கில் இரண்டு தலைமுறை. இந்தியாவில் ஏழு. பணக்காரர் ஆவதற்கு அல்ல, சராசரிக்கு வருவதற்கே ஏழு தலைமுறை. டென்மார்க்காரர்கள் நம்மைவிட மூன்றரை மடங்கு அதிகம் உழைக்கிறார்கள் என்று சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா? நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் மறுபடி தேய்க்கிறார்கள். உழைப்பில் குறை இல்லை. அங்கே வேலை போனாலும் உடம்பு முடியாமல் படுத்தாலும், குடும்பம் தரையில் வந்து விழாதபடி அரசு தாங்குகிறது. பிள்ளையின் படிப்பு நிற்பதில்லை.

நான் வணிகவியல் படித்தவன். கம்பெனிச் சட்டத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடம் வரையறுக்கப்பட்ட பொறுப்பு. ஒரு லிமிடெட் கம்பெனி மூழ்கினால், பங்குதாரர் போட்ட பங்குப் பணம் மட்டும்தான் போகும். அவர் வீட்டையும் நகையையும் யாரும் தொட முடியாது. ராஜபாளையம் மில் 1936இல் கம்பெனியாகத் தொடங்கப்பட்டதும் இந்தச் சட்டத்தின் நிழலில்தான். ராமசாமி ராஜா போன்றவர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. மில் தொடங்கிப் பிறகு சிமெண்ட் ஆலை வரை போவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஆனால் பெரிய முதல் போடுபவர் விழுந்தால் தாங்கச் சட்டமே ஒரு மெத்தை போட்டு வைத்திருக்கிறது. தறிக்காரருக்கோ, தள்ளுவண்டி இட்லிக் கடைக்காரருக்கோ அந்த மெத்தை கிடையாது. அவர் தன் பெயரில், மனைவியின் தாலிச் சங்கிலி மேல் கடன் வாங்குகிறார். தொழில் போனால் சங்கிலியும் போகும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1972இல் மிக ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் திட்டம் வந்தது. 1992இல் மகளிர் சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைத்தார்கள். 2015இல் பிணையம் இல்லாத முத்ரா கடன். ஒரு காலத்தில் ஸ்டேன்ஸ் மாதிரி ஒருவர் அகப்பட்டால்தான் உண்டு என்ற நிலை மாறியிருக்கிறது. முதல் முறை ஏறுவதற்கு ஏணி இருக்கிறது. விழுந்தவர் இரண்டாவது முறை ஏறுவதற்குத்தான் இன்னும் சரியான ஏணி இல்லை.

ஆகவே அன்றைய கேள்விக்கு என் பதில் இது. ஏழையாகப் பிறந்தவர் பணக்காரர் ஆக முடியும். நாயுடு கட்டுக்கதை அல்ல. ஆனால் உழைப்பால் மட்டும் முடியாது. கையில் ஒரு தொழில், நம்பிக் கொடுக்க ஒரு மனிதர், விழுந்தால் தாங்க ஒரு இடம், இந்த மூன்றும் சேர வேண்டும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அவர்களைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

நாம் செய்யக்கூடியது

நம் வளாகத்தில் காவலர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தோட்டக்காரர், துணி தேய்க்கும் வண்டிக்காரர் என்று பலர் நம்மை நம்பி இருக்கிறார்கள். அவர்களை நாம் பணக்காரர் ஆக்கிவிட முடியாது. ஆனால் ஒரு முறை விழுந்தால் வட்டிக்காரரிடம் போகாமல் தடுக்க முடியும்.

முதலில் ஒரு சிறு வேலை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு வருடத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். வயது 18 முதல் 70 வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். உங்கள் வீட்டுக்கு வருபவர் இதில் சேர்ந்திருக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் போய், புதுப்பிக்கப்படாமல் விட்டுப்போனவர்கள் நிறைய உண்டு. பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன், பார்த்துச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் பத்தரைப் பேருந்தில் வந்தாலும் பரவாயில்லை. மதியம் வரை இருப்பேன்.

இரண்டாவது, அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறேன். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் ஒரு தனி நிதி. நம்மிடம் வேலை செய்பவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, பிள்ளையின் படிப்புக் கட்டணம் கட்ட முடியாமல் போனாலோ, அதிலிருந்து வட்டியில்லாக் கடன். பராமரிப்புக் கணக்கோடு கலக்காமல் தனியாக வைத்து, வருட முடிவில் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கணக்கு எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கைத்தொழில். இரண்டு தவணை நின்றால் என்ன செய்வது என்ற விதியை மட்டும் நாம் எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். அதை நான் ஒருவனாக எழுத விரும்பவில்லை.

எதிர்ப்பு உள்ளவர்களும் தவறாமல் பொதுக்குழுவுக்கு வாருங்கள். முடியும் கட்சி, முடியாது கட்சி இரண்டுக்கும் நாற்காலி போட்டு வைக்கிறேன்.